சாயம் தாங்கி நின்ற நிலைவாசல்

செனாய்,
வெள்ளிக்கிழமை மாலை.

அன்பு மகன் ரூபேந்திரனுக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே நன்றாக இருக்கிறோம். நீயும் அந்தக் கனடா குளிரில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குப் பசியாறி, உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்திருக்கிறேன். கையில் போன் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் வீட்டைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே, வித்துருங்கம்மா, ஜேபி டவுனுல லிஃப்ட் உள்ள வீடா பாத்துருவோம் என்று பாதியிலேயே வெட்டிவிடுகிறாய். கடிதத்தை உன்னால் வெட்ட முடியாது. கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும். அதுவும் போக, இந்த வீட்டில் இந்தச் சில மாதத்தில் நான் கண்ணால் கண்டதைப் போனில் சொல்லி முடியாது ஐயா. இத்தனை வருஷம் ஃபேக்டரியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எலக்ட்ரானிக் போர்டு போர்டாகக் குறை பார்த்தவள் நான். என் கண்ணுக்குத் தப்பி ஒன்றும் போகாது என்று சூப்பர்வைசரே சொல்லுவார். அந்தக் கண்ணுக்கு முன்னாலேயே ஒரு பெரிய அதிசயம் நின்றுகொண்டிருந்திருக்கிறது, நான் தினமும் அதைத் தாண்டிக் கடைக்குப் போய் வந்திருக்கிறேன்.

முதலில் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சீனி வியாதியால் அப்பாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தபோது நீ இருந்தாய், லீவு முடிகிறவரை ஆஸ்பத்திரியிலேயே கிடந்துவிட்டுத்தான் விமானம் ஏறினாய். நீ போன பிறகு அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கார் நம் வாசல் வரை வந்தது. பக்கத்து வீட்டுக் காக் ரொஹானாவின் மகன்கள் ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு போகத் தயாராக நின்றார்கள். அப்பா கார்க் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டார். என் வீட்டுக்குள்ள என்னை யாரும் மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போகக்கூடாது, நானா உள்ள போகணும், இல்லன்னா போகவே வேணாம் என்றார். உனக்குத்தான் அவரைத் தெரியுமே. கடைசியில் அதே காரைத் திருப்பிக்கொண்டு ரெங்கத்தில் யோகேஸ்வரி அத்தை வீட்டுக்குப் போனோம். அங்கே தரையெல்லாம் சமமாக இருக்கும், ஒரு படிகூடக் கிடையாது. ஆகவே நான் போனில் அப்பா அத்தையைப் பார்க்கப் போயிருக்கிறார் என்று உன்னிடம் சொன்னதெல்லாம் பாதிதான். அவர் அங்கேயேதான் இருந்தார். வீட்ட சரி பண்ண முடிஞ்சா பண்ணு, முடியலன்னா உன் மகன் சொல்ற மாதிரி வித்துரு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் சொல்லியிருந்தார். சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இதை அன்றைக்கே நான் உன்னிடம் சொல்லியிருந்தால் வீடு மறுநாளே விற்பனைக்குப் போயிருக்கும், அதனால்தான் மூச்சு விடவில்லை.

சரி, வீட்டைச் சரி செய்வோம் என்று இறங்கினால், அவரே இன்னொரு நிபந்தனையும் போட்டார். என்ன வேண்டுமானாலும் உடைத்துக்கொள், வாசல் நிலையை மட்டும் தொடாதே என்றார். அந்த நிலை அவருக்கு எப்படிப்பட்டது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூவாரிலிருந்து சோபாவும் கட்டிலும் ஏற்றிக்கொண்டு அவர் லோரி ஓட்டிய காலத்தில், அங்கே ஒரு மரக்கடையில் தானே பொறுக்கி எடுத்து, கட்டில்களுக்கு நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்து இறக்கியது. நம் தாமான் குடியிருப்பில் மற்ற எல்லா வீட்டிலும் வீடு கட்டியவன் வைத்துக் கொடுத்த நிலை, நம் வீட்டில் மட்டும் உன் அப்பா சபாபதி வைத்த நிலை. வருகிறவர்களிடமெல்லாம் தட்டிக் காட்டுவார். வீட்டில் வேறு எதையும் அவர் அப்படிக் காட்டி நான் பார்த்ததில்லை, உன் பட்டம் உட்பட. ஆனால் அந்த நிலைக்குக் கீழே ஒரு படி இருக்கிறதே, நாம் தாண்டிப் போகிற அந்த மரக்கட்டை, அதில்தான் சக்கர நாற்காலி முட்டி நிற்கும். படி இருக்கவும் வேண்டும், அவர் தானாகவே தாண்டிப் போகவும் வேண்டும். என் நிலைமையை நினைத்துப் பார்.

கூலாயில் இருந்து ஜெயபாலன் என்று ஒரு கன்ட்ரேக்டரைப் பிடித்தேன். நல்ல மனுஷன், வேலையும் சுத்தம், ஆனால் வருவதுதான் கஷ்டம். இந்தக் கன்ட்ரேக்டர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, கேட்டுக்கொள், உனக்கும் ஒருநாள் உதவும். ஒரே சமயத்தில் பல வீட்டு வேலையை ஒத்துக்கொள்வார்கள். நம் வீட்டுக்கு முதல் நாள் வந்து, சுவரை உடைத்து, தூசியைக் கிளப்பி, போகும்போது ஏதாவது ஒரு சாமானை விட்டுவிட்டுப் போவார்கள். சாமான் இங்கே இருக்கிறது, ஆள் வராமலா போய்விடுவார் என்று நாமும் நம்பிக்கொண்டிருப்போம். ஜெயபாலன் என்னிடம் ஒரு ஏணியை விட்டுவிட்டுப் போனார். நாளைக்கு வந்துர்றேன் அக்கா என்பார். நானும் அந்த ஏணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எத்தனையோ நாள் இருந்தோம். குளியலறைக் கதவைச் சக்கர நாற்காலி நுழைகிற அளவுக்கு அகலமாக்கினோம், பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தோம், தரைக்கு வழுக்காத கல் போட்டோம். பழைய கல்லுக்குப் பொருத்தமாக எங்கேயும் கிடைக்கவில்லை, இப்போது குளியலறை ஒரு நிறம், வெளியே ஒரு நிறம், பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. கல் பதித்து முடித்த அன்றைக்கு ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுபோய் நடுவில் ஊற்றினேன். தண்ணீர் துவாரத்துப் பக்கம் போகாமல் நேராகக் கதவைப் பார்த்து வந்து என் காலை நனைத்தது. ஜெயபாலன் தலையைச் சொறிந்தார். காஞ்சா சரியாயிடும் அக்கா என்றார். சரிவு எப்படி ஐயா காய்ந்தால் சரியாகும்? பெயர்த்துத் திரும்பப் போடுங்கள் என்றேன், போட்டார். ரூபா, நீ எந்த வீட்டில் குளியலறை கட்டினாலும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்க்காமல் சரி என்று சொல்லிவிடாதே.

கடைசியில் வாசலுக்கு வந்தோம். படியைத் தொடாமல், அதற்கு உள்ளேயும் வெளியேயும் ஒரு மரச் சாய்வு வைத்துவிட்டால் சக்கரம் ஏறி இறங்கிவிடும், அந்தச் சாய்வு நகராமல் இருக்க நிலையின் ஓரத்தில் ஒரே ஒரு திருகாணி போட்டால் போதும் என்று ஜெயபாலன் சொன்னார். ஒரு திருகாணிதானே, அப்பாவிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் தலையாட்டினேன். அவர் டிரில்லை நிலையில் வைத்து, பழைய மரம், இரும்பு மாதிரி இருக்கும் என்று சொல்லிக்கொண்டே பலத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினார். மரத்தைத் துளைக்கிற சத்தமே வரவில்லை. டிரில் சடக்கென்று உள்ளே போய்விட்டது, பின்னாலேயே ஜெயபாலனும் போய் நெற்றியை நிலையில் இடித்துக்கொண்டார். துளையிலிருந்து மரத்தூளுக்குப் பதிலாக மண் கொட்டியது. காய்ந்த மண். நான் கிட்டப் போய்க் கட்டைவிரலால் நிலையை லேசாக அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. அலமாக் என்று கத்தியது நான்தான், பக்கத்து வீட்டுக் காக் ரொஹானா தன் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்துவிட்டாள். ஜெயபாலன் ஓரத்தில் பிடித்து உரித்தார், அப்படியே பெரிய அப்பளம் போல ஒரு தகடு கையோடு வந்தது. அவ்வளவும் சாயம். உள்ளே மரமே இல்லை. மண்ணாலான சின்னச் சின்ன அறைகள், வழிகள், அதில் வெள்ளை வெள்ளையாக ஓடுகிற கரையான். கீழ்ப்படி முழுக்கப் போய்விட்டது, ஒரு பக்கத்துக் கால் முழுக்கப் போய்விட்டது. கீல் இருக்கிற பக்கத்தில் மட்டும் நடுவில் எலும்பு மாதிரி கொஞ்சம் மரம் மிச்சம், அதில்தான் கதவே தொங்கிக்கொண்டிருந்தது.

நினைத்துப் பார் ரூபா. நாம் மாவிலை கட்டியது, மஞ்சள் பூசியது, நீ வெளிநாடு போகும்போது தலையைக் குனிந்து தாண்டிப் போனது எல்லாம் ஒரு சாயத்தின் அடியில். அந்தத் தகட்டின் வெட்டு ஓரத்தை என் பழைய ஃபேக்டரிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். ஒவ்வொரு தீபாவளிச் சாயமும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவே லாப்பிஸ் பலகாரம் மாதிரி அடுக்கடுக்காகத் தெரிந்தது. நீ பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டு சேர்ந்த வருஷத்துப் பச்சை இருந்தது, லோரிக் கம்பெனியில் மிச்சமாகிப்போய் அப்பா கொண்டுவந்த நீலம் இருந்தது, நீ மூக்கைச் சுளித்த அந்தப் பழுப்பு இருந்தது. வருஷா வருஷம் நான் பழையதைச் சுரண்டிவிட்டு அடியுங்கள் என்று சண்டை போடுவேன், அப்பா கேட்கமாட்டார், மேலேயே அடிச்சாதான் கெட்டியா நிக்கும் என்பார். எனக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. இன்றைக்கு அவர் சொன்ன கெட்டிதான் ஒரு நிலையையே மரமில்லாமல் நிற்க வைத்திருக்கிறது. எத்தனை வருஷமாக அப்படி நின்றது என்று யாருக்கும் தெரியாது.

பூச்சி மருந்தடிக்கிற கம்பெனியிலிருந்து லோஷினி என்று ஒரு பெண் வந்தாள், குளுவாங் ஊர்க்காரி, பூச்சியைப் பற்றியே பல்கலைக்கழகத்தில் படித்தவளாம். மற்ற பிள்ளைகள் நடிகர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி அவள் கரையானைப் பற்றிப் பேசுகிறாள். சுவரில் ஒரு கருவியை வைத்து, காதில் மாட்டுவதை என்னிடம் கொடுத்து, கேளுங்க ஆன்ட்டி என்றாள். கேட்டேன். தாளிக்கும்போது கடுகு வெடித்து அடங்குகிற நேரத்தில் கடைசியாக ஒரு சத்தம் வருமே, அப்படி, விட்டு விட்டு. அதுங்க தலையால முட்டி மத்ததுங்களுக்கு ஆபத்துன்னு சொல்லுதுங்க என்றாள். நான் சமைத்துக்கொண்டு, டிவி பார்த்துக்கொண்டு, உன்னோடு போனில் பேசிக்கொண்டு இருந்த அதே வீட்டில் இன்னொரு ஊரே குடியிருந்திருக்கிறது. வேலை செய்கிற கரையானுக்குக் கண்ணே கிடையாதாம். கண் இல்லாமல், இருட்டில், நிலையை உள்ளிருந்து தின்றுகொண்டே வந்து, சாயத்தின் முதுகு வரைக்கும் வந்து நிறுத்தியிருக்கின்றன. மேலே, கீழே, மூலையில், எங்கே பார்த்தாலும் ஒரே மெல்லிசு. அதை உடைத்தால் வெளிச்சமும் காற்றும் வந்துவிடும், அது அவற்றுக்கு ஆகாது என்பதால் விட்டுவைக்குமாம். எங்கள் ஃபேக்டரியில் இத்தனை மெஷின் வைத்தும் இவ்வளவு சீராக ஒரு வேலை நான் பார்த்ததில்லை. வீட்டைத் தின்றதற்காக அவற்றைத் திட்டவேண்டும் என்று வாயைத் திறந்தேன், திட்டு வரவில்லை ஐயா, ஆச்சரியம்தான் வந்தது.

பிறகு லோஷினி கேட்டாள், ஆன்ட்டி, இந்த வாசப்படியில தண்ணி ஊத்துவீங்களா என்று. ஊற்றாமல்? வெள்ளிக்கிழமை தவறாமல் படியைக் கழுவி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மிச்சத் தண்ணீரையும் அங்கேயே ஊற்றிவிடுவேன் என்றேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்போ நீங்கதான் ஆன்ட்டி வாராவாரம் அதுங்களுக்குத் தண்ணி காட்டியிருக்கீங்க என்றாள். ஈரம் இருந்தால்தான் மண்ணுக்குள்ளிருந்து அவை மேலே ஏறி வருமாம். நான் லட்சுமிக்கு என்று ஊற்றியதை அந்த லட்சுமி எத்தனை பேருக்குப் பங்கு போட்டிருக்கிறாள் பார். லோஷினி இன்னொன்றும் சொன்னாள். முதல் மழைக்கு விளக்கைச் சுற்றி ஈசல் வருமே, நான் வாளியில் தண்ணீர் வைத்துப் பிடிப்பேனே, அது வெளியிலிருந்து வருகிறது என்றுதானே நாம் நினைத்தோம். வெளியிலிருந்து வரவில்லையாம், நம் நிலைக்குள்ளிருந்தே பறந்து வெளியே போகப் பார்த்திருக்கிறது. கதவு கொஞ்ச நாளாகவே தரையில் உரசிக்கொண்டிருந்தது, மழைக்கு ஊறியிருக்கிறது என்று நான் சோப்புக்கட்டியைத் தேய்த்து விட்டேன். எல்லாம் கண்ணுக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது.

ஆனால் பயம் இனிமேல்தான். ஜெயபாலன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார், நிலை போனா போகட்டும் அக்கா, மேல கூரைக் கட்டைக்குப் போயிருந்துச்சின்னா இந்த வீட்டுல இனிமே கைவைக்கிறதுல அர்த்தமே இல்ல, கனடாவுல இருக்கிற தம்பி சொல்றதக் கேட்டுருங்க என்று. அந்த நாள் வரை ஏதோ பிடிவாதத்தில் செய்துகொண்டிருந்தேன், அப்போதுதான் இந்த வீடு கையைவிட்டுப் போனாலும் போகும் என்று எனக்கே உறைத்தது. நிலைக்கு நேர் மேலே கூரைப்பலகையை ஒரு சதுரம் வெட்டினார்கள், வராத நாளெல்லாம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததே, அந்த ஏணியைச் சாத்தி லோஷினி மேலே ஏறிப் போய்விட்டாள். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிக்கொண்டே போகிற சத்தம் மட்டும் கேட்டது. டொக், டொக் என்று அந்தச் சத்தம் கூடத்துக்கு மேலே போனது, உன் அறைக்கு மேலே போனது, சாமி மாடத்துக்கு மேலே போய் நின்றது. நான் முருகனைக் கூப்பிட்டேன், மாரியம்மனைக் கூப்பிட்டேன், அப்பாவையும் கூப்பிட்டேன் என்று நினைக்கிறேன். அவள் தலையெல்லாம் சிலந்தி வலையோடு இறங்கி வந்து, ஒரே ஒரு மண் கோடு சுவர் வழியா மேல ஏறி முன்பக்கக் கட்டையில கொஞ்ச தூரம் போயிருக்கு ஆன்ட்டி, மத்ததெல்லாம் சுத்தம், அந்த ஒண்ண மட்டும் மாத்திட்டா போதும் என்றாள். நான் அப்படியே தூசித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் தாமதித்திருந்தால் கூரைக்குப் போயிருக்குமாம். அப்பா அன்றைக்குக் காரைவிட்டு இறங்கமாட்டேன் என்று அடம் பிடிக்காமல் இருந்திருந்தால் நாங்கள் டிரில்லைக் கையில் எடுத்திருக்கவே மாட்டோம். இதை நினைக்கும்போது எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது, யாரைப் பார்த்து என்றுதான் தெரியவில்லை.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? அதுதான் எனக்கு இருந்ததிலேயே பெரிய வேலை. சாயத் தகட்டில் ஒரு துண்டை பிஸ்கட் டின்னில் போட்டு எடுத்துக்கொண்டு ரெங்கம் போனேன். அத்தை வீட்டு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். டின்னைத் திறந்து மடியில் வைத்தேன். பச்சையைப் பார்த்ததுமே அவருக்கு என்னவென்று தெரிந்துவிட்டது. கையில் எடுத்தார், கனமே இல்லை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். கோபப்படுவார் என்று நானும் அத்தையும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் கைலியைக் கொஞ்சம் மேலே இழுத்து, எடுத்துவிட்ட கால் இருந்த இடத்தைப் பார்த்தார். என் காலும் இதே கணக்குதான் பிரேமலா என்றார். வெளிய தோலு நல்லாத்தானே இருந்துச்சி, உள்ள சீனி தின்னுக்கிட்டே வந்துருக்கு, நான் பாட்டுக்கு லோரி ஓட்டிக்கிட்டு இருந்துருக்கேன் என்றார். ஆஸ்பத்திரியில் கால் எடுத்த அன்றைக்கும் அதற்குப் பிறகும் அவர் தன் காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, உனக்கும் தெரியும். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் அழவில்லை. தகட்டைத் திரும்ப டின்னில் வைத்து மூடி, அத எடுத்துரு, அழுகினத எடுத்தாதான் மிச்சம் நிக்கும் என்றார். அந்த நிலைமேல் கைவைக்காதே என்று சொன்ன மனுஷன்தான்.

சொல்லி முடித்த கையோடு, ஆனா நிலை இல்லாத வீட்டுக்கு நான் வரமாட்டேன், படியும் இருக்கணும் என்று ஆரம்பித்துவிட்டார். அதுதானே அவர். ஜெயபாலன் அலுமினியச் சட்டம் போட்டுவிடலாம், படியே வேண்டாம் என்றார், நான் அதை அப்பாவிடம் சொல்லக்கூட இல்லை. கோயில் குருக்களுக்குப் போன் போட்டேன். குருக்கள், நிலைக்குப் படி வேணும்மா, ஆனா அது எவ்ளோ உயரம் இருக்கணும்னு என்கிட்ட யாரும் சொன்னதில்ல என்றார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இதே வேலையோடு சமையல் மேடையையும் மாற்றினோம், அதற்குக் கருங்கல் வெட்டியதில் நீளமாக ஒரு துண்டு மிச்சம் இருந்தது. அதைப் படியாக வைத்து, தரையோடு தரையாகப் பதித்துவிட்டால்? படியும் இருக்கும், சக்கரமும் போகும், கரையான் கல்லைத் தின்னாது. அப்பாவிடம் போனில் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, ஃபேக்டரிக்காரி மூளை என்றார். எங்கள் கல்யாணத்திலிருந்து அவர் என்னைப் புகழ்ந்தது இப்படித்தான், அரை வாக்கியம். பழைய படியைப் பெயர்த்தபோது அடியில் நாம் வீடு குடிபோன அன்று வைத்த மஞ்சள் துணி முடிச்சு இருந்த இடம் தெரிந்தது. துணியைக் காணோம். உள்ளே இருந்த வெள்ளிக் காசும் மணிகளும் மட்டும் மண்ணால் பூசி மூடி, வைத்தது வைத்தபடி இருந்தன. கரையான் அவற்றைச் சுற்றி வீடு கட்டியிருக்கிறதே தவிர நகர்த்தவில்லை. கழுவி, புதுத் துணியில் முடிந்து, கல்லுக்கு அடியில் வைத்துவிட்டோம். மரத்துக்கு ஜெயபாலன் மூவாருக்குப் போனார். அப்பா விடவில்லை, போனை மரத்துப் பக்கத்தில் வைத்துத் தட்டச் சொல்லி, ரெங்கத்தில் இருந்துகொண்டு காதாலேயே ஒவ்வொரு கட்டையாகக் கழித்தார். கடைக்காரன் தலையில் அடித்துக்கொண்டானாம். லோஷினி மண்ணுக்கு மருந்து ஏற்றி, வீட்டைச் சுற்றியும் வைத்துவிட்டுப் போனாள், காக் ரொஹானா வீட்டிலும் பார்த்தாள், பொதுச் சுவராயிற்றே. இனிமேல் வெள்ளிக்கிழமை படிக்கு ஈரத்துணி மட்டும்தான், வாளி கிடையாது என்று எனக்கு உத்தரவு.

இன்று காலை அப்பா வந்தார். அத்தை கூட வந்தாள், ஜெயபாலன் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார், அதுவே ஒரு அதிசயம். காரிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறி உட்கார்ந்தார், இந்த மாதங்களில் அத்தை வீட்டு முற்றத்தில் அதைத்தான் பழகியிருக்கிறார், எனக்குக்கூடச் சொல்லவில்லை. போர்ச்சில் போட்ட சிமெண்டுச் சாய்வில் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு ஏறினார். பாதியில் நின்றுவிட்டார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, நாற்காலி ஒரு சாண் பின்னால் வந்தது. ஜெயபாலன் கை நீட்டினார், நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டேனே தவிர என் உயிர் என்னிடம் இல்லை ரூபா. இங்கே அவர் தோற்றுவிட்டால் திரும்ப ரெங்கம்தான், பிறகு நீ சொன்ன லிஃப்ட் வீடுதான், அவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லாமல் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார், எனக்குத் தெரியும். மேலே ஒரு விமானம் தாழ்வாக இறங்கிப் போனது. அந்தச் சத்தம் அடங்குகிறவரை அப்படியே சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு ஒரே தள்ளு. ஏறிவிட்டார். படியிடம் வந்து நின்றார். குனிந்து, எட்டாமல், இன்னும் குனிந்து, கல்லில் நான் வைத்த மஞ்சளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சக்கரம் கல்லின்மேல் போனது, ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. உள்ளே போய்விட்டார். அத்தை மூக்கை உறிஞ்சினாள். என்ன செய்தார் தெரியுமா, கூடத்தில் திரும்பி, வெளியே வந்தார். மறுபடி உள்ளே போனார். மறுபடி வெளியே வந்தார். புது சைக்கிள் கிடைத்த பிள்ளை மாதிரி அவர் பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தார், நாங்கள் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன், இன்றைக்குத்தான் புதிதாகப் பார்க்கிற மாதிரி இருந்தது.

கடைசியில் நிலைக்கு நடுவில் நாற்காலியை நிறுத்தி, விரலை மடக்கி மரத்தைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு மிச்சமிருக்கிற காலின் முழங்காலையும் அதே மாதிரி தட்டிக் கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும், அவன ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லி எழுது என்றார். நீ அப்பாவின் ரத்தம். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கிறாய், அவரும் அப்படித்தான் இருந்தார், நம் நிலையும் அப்படித்தான் இருந்தது. இந்தக் கடிதம் கிடைத்த வாரத்திலேயே கிளினிக்குக்குப் போய் சீனி பார்த்துவிட்டு எனக்குச் சொல்லவேண்டும், சாக்குப்போக்கு வேண்டாம். அந்த டின்னில் அடைத்த கேக்கையெல்லாம் குறைத்துக்கொள். நீ இருக்கிற வீடு முழுக்க மரம் என்று சொன்னாயே, நாலு இடத்தில் தட்டியும் பார்த்துவிடு. உன் கல்யாணப் பேச்சை இந்தக் கடிதத்தில் எடுக்கமாட்டேன், ஆனால் இப்போது வாசல் பெரிய கூட்டம் வந்தாலும் தாங்கும் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். வீட்டை விற்கிற பேச்சு இனி வேண்டாம் ஐயா. எங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறாய் என்று எங்களுக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். பேசித்தான் ஆகவேண்டும் என்றால் நீயே நேரில் வந்து அந்த நிலைக்கு அடியில் நின்றுகொண்டு அவரிடம் பேசு.

முருகன் உனக்கு நோய்நொடி இல்லாத உடம்பையும் நல்ல மனசையும் கொடுத்து, போகிற இடமெல்லாம் கூடவே இருக்கட்டும். கிளினிக்கை மறந்துவிடாதே. கடைசியில் ஒரு வரி தானும் எழுதுவேன் என்று அப்பா பேனாவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், கொடுத்துவிடுகிறேன்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அம்மா பிரேமலா

ரூபா, வரும்போது செருப்பைப் படிக்கு வெளியே கழற்றி விடு. படி இப்போது காலைத் தடுக்காது, ஆனால் இருக்கிறது. அப்பா.